முள்வேலிக்குள் பிறந்த ஊர்



தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருப்பீர்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ போயிருப்பீர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று செர்டாங் மருத்துவமனைக்கும் போய் வந்திருப்பீர்கள். ஆனால் ஸ்ரீ கெம்பாங்கானைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பஸ் ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அங்கே மலைக்கோவில் இல்லை, கடற்கரை இல்லை. நெடுஞ்சாலையில் வண்டி பறக்கும்போது இடப்பக்கம் ஒரு ஏரி, வலப்பக்கம் வரிசையாகக் கடைவீடுகள் தெரியும், அவ்வளவுதான். அந்த ஊருக்கு உங்களை அழைத்துப் போகத்தான் இதை எழுதுகிறேன்.

போகும் வழி சுலபம். பத்துமலையிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரல் வழியாகத் தெற்கே போகும் கொமுட்டர் ரயிலில் செர்டாங் நிலையத்தில் இறங்கலாம். 2023 மார்ச்சில் புத்ராஜெயா வரை முழுதாகத் திறந்த எம்.ஆர்.டி. ரயிலில் வந்தால் செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா என்று அடுத்தடுத்து நிலையங்கள் உண்டு. முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறி, வெயிலில் காய்ந்து வர வேண்டிய ஊர் இது.

பழையவர்கள் இதை இன்றும் செர்டாங் பாரு என்றுதான் சொல்வார்கள். ஸ்ரீ கெம்பாங்கான் பின்னாளில் வந்த பெயர். மலாயில் 'கெம்பாங்' என்றால் மலர்வது, விரிவது. பெயர் அழகுதான். ஆனால் ஊர் பிறந்த விதம் அவ்வளவு அழகானதல்ல.

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது உங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டோரத்தில் ஏழைச் சீனர்கள். இந்த ஏழைகள் காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள் என்பது ஆங்கிலேய அரசின் சந்தேகம். 1950இல் பிரிக்ஸ் என்ற இராணுவ அதிகாரி ஒரு திட்டம் போட்டார். சிதறிக் கிடந்த குடிசைகளைப் பிரித்து, சனங்களை லாரியில் ஏற்றி, ஒரே இடத்தில் இறக்கிச் சுற்றிலும் முள்கம்பி வேலி போடுவது என்பதே அத்திட்டம். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் 450க்கு மேற்பட்ட புதுக்கிராமங்கள் எழுந்தன. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அவற்றுக்குள் அடைபட்டார்கள். அவற்றுள் பெரிய கிராமங்களில் ஒன்று செர்டாங் பாரு.

காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். சோற்றுப் பொட்டலம் வெளியே போகக் கூடாது. கடையில் சாடின் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். பதுக்கி வைக்க முடியாதல்லவா! இருட்டினால் ஊரடங்கு. இதெல்லாம் சீனர் கதை என்று நாம் ஒதுக்கிவிட வேண்டாம். அதே காலத்தில் நம் தோட்டங்களிலும் தூரத்து லயங்களைக் கலைத்து ஒன்றாகச் சேர்த்து, வேலி போட்டுக் காவல் வைத்தார்கள். வேலிக்கு உள்ளே இருந்தவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்று முள்கம்பி கேட்கவில்லை.

இன்று அந்த வேலி இருந்த இடத்தைத் தேடினால் அகப்படாது. சந்தையும், பூக்கடையும், தலைக்கு மேலே கொடி போல் மின்கம்பிகளும் நெருங்கிய சந்துகள்தான் இருக்கின்றன. ஏரி என்று சொன்னேனே, அது இயற்கையான ஏரி அல்ல. உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்று என்று பேர் வாங்கிய சுங்கை பீசி சுரங்கத்தின் பள்ளம் அது. 1985இல் உலக ஈயச் சந்தை விழுந்து இந்த நாட்டுச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி, அதன் கரையில் ஓட்டலும் கடைத்தொகுதியும் வந்துவிட்டன. இன்னொரு பக்கம் 1931இல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, இன்று புத்ரா பல்கலைக்கழகமாக நிற்கும் பெரிய வளாகம்.

தெற்கே போனால் புத்ராஜெயா. அது எந்த மண் தெரியுமா? பிராங் புசார் தோட்டம் இருந்த மண். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் தொடங்கியதால் 'பெரும் போர்' என்று பெயர் வைத்த தோட்டம். உங்கள் தோட்டத்தில் பி.பி. 86 மரம் இருந்திருந்தால் அந்தப் 'பி.பி.' இந்தத் தோட்டத்தின் முதலெழுத்துகள்தான். 1990களில் தலைநகர் எழுப்புவதற்காக அங்கிருந்த தோட்டங்கள் கைமாறின. நம் சனங்கள் மூட்டை முடிச்சோடு டிங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். வேறு சில தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது, அங்கிருந்தவர்கள் பூச்சோங், பாலக்கோங், ஸ்ரீ கெம்பாங்கான் என்று கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

ஆக இது பெயர்த்து நடப்பட்டவர்களின் வட்டாரம். லாரியில் கொண்டு வந்து இறக்கப்பட்ட சீனர், தோட்டம் மூடப்பட்டுப் பிழைப்புத் தேடி வந்த தமிழர், கம்பத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த மலாய்க்காரர். இப்போது நாலாவதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. அகதிகள்.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு கடைவீட்டின் மாடிக்குப் போனேன். தெருவின் பெயரையும் வகுப்பின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அங்கே பிள்ளைகளை விட்டுப் போகும் பெற்றோர்களுக்கு இந்த நாட்டில் சட்டப்படி வேலை செய்ய உரிமை இல்லை. 'சோதனை' என்ற சொல் காதில் விழுந்தாலே மாடி முழுவதும் மௌனமாகிவிடும். அதனால் பெயர் வேண்டாம்.

மேலே ஒரே கூடம். ஆறு வயதுப் பிள்ளையும் பதினாலு வயதுப் பையனும் ஒரே பலகையில். நம் பழைய தோட்டப் பள்ளியில் ஒரே வாத்தியார் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினாரே, அதே காட்சி. சுண்டு விரல் நீளத்துக்குத் தேய்ந்துபோன பென்சிலைச் சீவிச் சீவி எழுதுகிறான் ஒரு பையன். பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண், தன் வாசிப்புப் புத்தகத்தை மேசைக்கு அடியில் மடிமேல் வைத்துப் படிக்கிறாள். என்னடா என்று பார்த்தால், பக்கத்தில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கும் அதே புத்தகம்! அதை நான் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்கு. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

இவர்கள் ஏன் அரசாங்கப் பள்ளிக்குப் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். போக முடியாது. அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. ஆகவே நம் சட்டத்தில் 'அகதி' என்று ஓர் ஆளே கிடையாது. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையம் ஓர் அட்டை கொடுக்கும். அதைக் காட்டினால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதி குறையும். வேலைக்கும் பள்ளிக்கும் அந்த அட்டை செல்லாது. 2023ஆம் ஆண்டு முடிவில் அந்த ஆணையத்தில் பதிந்தவர்கள் 186,000 பேர் அளவில். பெரும்பாலோர் மியன்மார்க்காரர்கள். அவர்களில் ரோஹிங்யா முஸ்லிம்களே அதிகம். சின் இனத்துக் கிறிஸ்துவர்களும் உண்டு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சோமாலியா, ஏமன் நாட்டவர்களும், இலங்கைத் தமிழர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மட்டும் 50,000 அளவில். இத்தனை பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு என்பது இது மாதிரி மாடிக் கூடங்களை நம்பித்தான்.

அந்த மாடியை நடத்துகிறவர்கள் யார்? வேலை ஓய்வு பெற்ற ஒரு சீன ஆசிரியை கணக்குச் சொல்லித் தருகிறார். இதே புதுக்கிராமத்தில் பிறந்தவர். ஏன் வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, கோவில் சிநேகிதி ஒருத்தி பிடித்து இழுத்து வந்துவிட்டாள், நாலு வருஷம் ஆகிவிட்டது என்று சிரித்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மலாய் மாணவி ஒருத்தி மொழிப்பாடம் எடுக்கிறாள். தேவாலயக்காரர்கள் கூட வாடகையில் ஒரு பங்கு கொடுக்கிறார்கள். சமையல் நம் அக்கா ஒருவர். முன்பு பால் மரம் வெட்டியவர். வாரநாளில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை.

"வாங்க சார், உக்காருங்க. இந்தப் பிள்ளைங்க ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிக்குதுங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் ரசம்னா மூஞ்சி போகுது" என்றார்.

பல மதத்தார் சேர்ந்து வேலை செய்தால் முதல் சண்டை சாப்பாட்டில்தான் வரும். இங்கே அதைச் சுலபமாகத் தீர்த்திருக்கிறார்கள். எல்லாம் சைவம், பாத்திரங்கள் இந்த வகுப்புக்கென்றே புதிதாக வாங்கியவை, வெளியே போகாதவை. முஸ்லிம் பிள்ளையும் சாப்பிடலாம், புத்த சமயத்துப் பெரியம்மாவும் சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இல்லை. நோன்பு மாதத்தில் சீக்கிரமே முடிந்துவிடும். இன்னொரு விதியும் உண்டு: யாரும் யாருடைய சமயத்தையும் பிள்ளைகளிடம் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பசித்த பிள்ளையிடம் சோற்றோடு சேர்த்துச் சாமியையும் நீட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

கீழே இறங்கிக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் நம்மவர் ஒருவர். நான் மாடியிலிருந்து வந்ததைப் பார்த்திருக்கிறார்.

"நம்ம பிள்ளைங்க எத்தனை பேருக்கு ஐ.சி. இல்லாம பள்ளிக்கூடத்துல சேர்க்க முடியாம கிடக்கு. அதுக்கு யாரும் மாடி எடுத்து வகுப்பு நடத்தக் காணோம். இவங்களுக்கு மட்டும் என்ன சார்?" என்றார்.

இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டதுண்டு. அதைத் தப்பு என்று தள்ள எனக்கு மனமில்லை. என் பாட்டியார் இந்த மண்ணில் ஐம்பது வருஷம் உழைத்து, சிவப்பு அடையாளக் கார்டோடேயே கண்ணை மூடினார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் கப்பல் ஏறி இந்தியாவுக்குத் திரும்பிய குடும்பங்கள் பல்லாயிரம். 'இங்கேயே பிறந்தேன்' என்று வாயால் சொன்னால் போதாது, தாளில் காட்டு என்று கேட்கப்பட்டவர்கள் நாம். கோபம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்தக் கோபத்தை எந்த வாசலில் போய்க் கொட்டுவது? 1982இல் பர்மாவில் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ரோஹிங்யாக்கள் அந்தச் சட்டத்தால் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 2017 ஆகஸ்டில் இராணுவம் கிராமங்களைக் கொளுத்த, சில மாதங்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல் எல்லை தாண்டி வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். தாளில்லாதவன் என்ன ஆவான் என்பதன் கடைசி எல்லை இது. சிவப்புக் கார்டை அறிந்த வீட்டுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1942, 43இல் ஜப்பான்காரன் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்களைப் பிடித்துச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் மறுமுனை எங்கே இருந்தது? பர்மாவில். காய்ச்சலிலும் பேதியிலும் நம்மவர்கள் செத்து விழுந்த நாட்டிலிருந்துதான் இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா தப்பி வந்திருக்கிறார்கள்.

கோப்பிக் கடை அண்ணனிடம் இவ்வளவும் சொன்னேனா? இல்லை. பாதிதான் சொன்னேன். "நம்ம பிள்ளைக்கும் மாடி எடுப்போம்னு சொல்லுங்க, நானும் வர்றேன்" என்றேன். அவர் தன் தேநீர்க் காசை மேசையில் வைத்துவிட்டு, "யோசிப்போம் சார்" என்று போய்விட்டார்.

அகதிகள் இந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். 1978இல் திரெங்கானு கடலில் உள்ள பூலாவ் பிடோங் தீவு வியட்நாம் படகு மக்களுக்காகத் திறக்கப்பட்டது. சில ஆயிரம் பேருக்கென்று போட்ட முகாமில் 1979 நடுவில் நாற்பதாயிரம் பேர் அளவுக்கு நெருக்கியடித்தார்கள். 1991இல் மூடும்வரை சுமார் இரண்டரை லட்சம் பேர் அதன் வழியாக வேறு நாடுகளுக்குப் போனார்கள். அந்தச் சின்னத் தீவிலும் புத்தர் கோவிலும் கிறிஸ்துவ தேவாலயமும் இருந்தன. ஓடி வருகிறவன் பெட்டியை விட்டு வருவான், சாமியை விட்டு வருவதில்லை.

இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கில் எனக்கு ஆச்சரியம் தந்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் புத்த சமயத்தார் வாழும் நாட்டிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் பிள்ளைகளுக்கு, இங்கே பள்ளி நடத்த முன்வந்தவர்களுள் முக்கியமானவர்கள் யார்? புத்த சமயத்தார்! தைவானில் 1966இல் செங் யென் என்ற பெண் துறவி தொடங்கிய சூ ச்சி அறநிறுவனத்தின் மலேசியக் கிளையினர், ஐ.நா. ஆணையத்தோடு சேர்ந்து ரோஹிங்யா பிள்ளைகளுக்கு வகுப்புகளும், அகதிகளுக்கு இலவச மருத்துவமும் நடத்தி வந்திருக்கிறார்கள். நீலச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். செந்தூலில் கிறிஸ்துவத் தம்பதி ஒருவர் 1998இல் தொடங்கிய 'டிக்னிட்டி' பள்ளியில் ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளும் அகதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். கோப்பிக் கடை அண்ணன் கேட்டதற்குப் பதில் இதில் கொஞ்சம் இருக்கிறது பாருங்கள்.

இந்தச் சமயக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கிய கதையை அறிய ரயிலேறிப் பிரிக்ஃபீல்ட்ஸ் போக வேண்டும். செர்டாங்கிலிருந்து கொமுட்டரில் ஏறினால் பண்டார் தாசிக் செலாத்தான், சாலாக் செலாத்தான், செபூத்தே, மிட் வேலி தாண்டிக் கோலாலம்பூர் சென்ட்ரல். இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ்தான். 1880களில் பட்டணத்தை மரத்திலிருந்து செங்கல்லுக்கு மாற்றிக் கட்டியபோது சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வே உத்தியோகத்துக்கு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள், கந்தசுவாமி கோவிலை எழுப்பினார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் வந்தது. ஜெபமாலை மாதா தேவாலயம், தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல், சீனக் கோவில் எல்லாம் நடந்தே போகும் தூரத்தில். ஒரு தெருவுக்குப் பெயரே ஜாலான் பெர்ஹாலா. விக்கிரகத் தெரு என்று பொருள். அந்தத் தெருவில்தான் 1894இல் அமைந்த சிங்கள சங்கத்தாரின் மகா விகாரை.

1952இல் இலங்கையிலிருந்து இந்த விகாரைக்கு ஒரு பிக்கு வந்தார். கே. ஸ்ரீ தம்மானந்தா. அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம். முள்வேலிக்குள் அடைபட்ட புதுக்கிராமச் சீனர்களிடம் போய்ச் சமயம் பேசியவர் அவர். மொழி தெரியாது, தோல் நிறம் வேறு. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார். பிற்காலத்தில், 1983இல், புத்த, கிறிஸ்துவ, இந்து, சீக்கிய சமயத்தார் சேர்ந்து ஓர் ஆலோசனை மன்றம் அமைத்தபோது அதற்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர். தாவோ சமயத்தார் பின்னர் சேர்ந்தார்கள். 2006 ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

மன்றங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி முதல் வாரத்தைச் சமய நல்லிணக்க வாரம் என்று 2010இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதற்காக மேடை போட்டு, ஐந்து விளக்கேற்றி, ஐந்து பேர் கைகோத்து நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் படத்தில் நிற்கும் கைகளைவிடப் பாத்திரம் கழுவும் கைகள்தான் ஆபத்து நேரத்தில் உதவும். இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவை ஒட்டிய கம்போங் மேடானில் நடந்தது நினைவிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒரு கல்யாணமும் ஒரு சாவும். சின்ன உரசல் பெரிதாகி, பல நாள் கலவரமாகி, ஆறு பேர் செத்தார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே மாதிரி ஏழைகள். தோட்டத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வந்து புறம்போக்கிலும் அடுக்குமாடியிலும் அடைந்து கிடந்தவர்கள். தலைவர்கள் எல்லாம் நல்லிணக்கம் பேசிக்கொண்டிருந்த நாட்டில்தான் அது நடந்தது. பக்கத்து வீட்டுச் சாவுக்கு நாம் போய் நிற்காவிட்டால், தலைநகரில் ஏற்றும் விளக்கு எந்தச் சந்துக்கும் வெளிச்சம் தராது.

இருபது வருஷம் கழித்து, 2021 டிசம்பர் 18. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. கிள்ளான் ஆற்றோரத்தில் ஷா ஆலமைச் சேர்ந்த தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வீட்டுக் கூரையைத் தொட்டது. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் இடம். மாடியில் பச்சைக் குழந்தையோடு இரண்டு நாள் தவித்தவர்கள் இருக்கிறார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்.

அப்போது பெட்டாலிங் ஜெயா குருத்துவாரா ஒரு பெரிய சமையற்கட்டாக மாறியது. சீக்கியர் கோவில் அடுப்பு எப்போதும் எரிவதுதான். யார் வந்தாலும் சாப்பாடு என்பது அவர்கள் வழக்கம். அந்த வாரம் தலைப்பாகைக்காரர்களோடு முக்காடு போட்ட மலாய்ப் பெண்களும், சீன இளைஞர்களும், நம் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து காய் நறுக்கிச் சோற்றுப் பொட்டலம் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் அங்கிருந்து படகிலும் லாரியிலும் போயின. தண்ணீர் வடிந்த பிறகு சேறு வாரப் போன தொண்டர்களில் அகதிகளும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில், கோவிட் ஊரடங்கின்போது, இதே அகதிகளை 'வெளியேறு' என்று நாடெங்கும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒன்றரை வருஷம் கழித்து அவர்கள் மண்வெட்டியோடு வந்து நம் வீட்டுச் சேற்றை வாரினார்கள்.

வெள்ளம் ஏன் வந்தது என்று கேட்டால் மழை என்போம். மழை மட்டுமா? மண்ணுக்குப் பதில் சிமெண்டு, சதுப்பு நிலத்துக்குப் பதில் தாமான், கால்வாயில் பிளாஸ்டிக். இங்கேதான் மறுபடியும் உங்களை ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அழைக்கிறேன். நீலச் சட்டைக்காரர்கள் வெறும் பள்ளி மட்டும் நடத்துவதில்லை. கைதட்டும் கைகளால் குப்பையைப் பிரியுங்கள் என்று அவர்களுடைய குரு 1990இல் சொன்னாராம். அன்று முதல் குப்பை பிரிப்பதே அவர்களுக்கு ஒரு வழிபாடு. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடியிருப்புகளில், மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், மரத்தடியிலோ கார் நிறுத்துமிடத்திலோ தாளையும் புட்டியையும் டின்னையும் சேர்த்துப் பிரிப்பார்கள். புட்டி மூடியைத் திருகி எடுத்து, மூடியை ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம் போடுவார்கள். பிளாஸ்டிக் புட்டிகளை உருக்கி நூலாக்கி, அதில் நெய்த போர்வைகளைப் பேரிடர் நேர்ந்த ஊர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

நான் போன இடத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட சீனப் பாட்டிகள் குட்டை முக்காலியில் உட்கார்ந்து பழைய நாளிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நம் பெண்மணிகள் இருவரும் இருந்தார்கள். யாருக்கும் யார் மொழியும் சரியாகத் தெரியாது. சந்தை மலாயில் பேச்சு ஓடியது. பேச்சு பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி.

தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் நாம் விட்டு வரும் குப்பையை நினைத்துக்கொண்டேன். தண்ணீர்ப் பந்தலில் புண்ணியத்துக்கு மோர் கொடுக்கிறோம். குடித்த குவளையைக் காலடியில் போடுகிறோம். சிலாங்கூரில் வெள்ளை நுரைப்பெட்டிக்கு 2017இல் தடை வந்தது. ஆனால் பிளாஸ்டிக் பைக்கு இன்னும் நம்மிடம் மரியாதை அதிகம்.

கான்கிரீட்டுக்கு நடுவே தப்பிப் பிழைத்த காடு ஒன்றும் இந்த வட்டாரத்தில் உண்டு. பூச்சோங் பக்கம் ஆயர் ஈத்தாம் வனக்காப்பகம். 1906இல் ஒதுக்கியபோது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது, இன்று 1,200 ஹெக்டர் அளவுதான் மிச்சம். புத்ரா பல்கலைக்கழகம் அதைப் பாடக் காடாக வைத்திருக்கிறது. இன்னும் தெற்கே கோல லங்காட் வடக்குக் காட்டை 2021இல் மேம்பாட்டுக்காகக் காப்பகப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, தெமுவான் பழங்குடி மக்களும் அவர்களோடு நின்ற பல இனத்தாரும் போட்ட கூச்சலில், அந்த செப்டம்பரிலேயே மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது. தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டியவர்கள் நம் முன்னோர்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கங்காணி சொன்னான், வெட்டினார்கள். நாம் வெட்ட வேண்டியதில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் சனிக்கிழமை காலையில் போங்கள். முதலில் புதுக்கிராமத்துச் சந்தையைப் பாருங்கள். வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நடக்கலாம். மாடி வகுப்பைத் தேடி அலைய வேண்டாம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அவர்களுக்குத் தேவையில்லை. உங்கள் வட்டாரத்திலேயே ஒரு தேவாலயத்திலோ விகாரையிலோ குருத்துவாராவிலோ பள்ளிவாசலிலோ விசாரித்தால், அகதிப் பிள்ளைகளுக்கு எங்கே வகுப்பு நடக்கிறது என்று சொல்வார்கள். கையில் ஏதாவது கொண்டு போக நினைத்தால் முதல் வகுப்புப் புத்தகம் வேண்டாம், அது நிறைய இருக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி, எழுத்து பெரிதாக, கதை பெரியவர்களுக்கு உரியதாக உள்ள மலாய், ஆங்கிலப் புத்தகங்கள் அகப்பட்டால் எடுத்துப் போங்கள். பென்சிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.